மூன்றாம் மதகு

தமிழ்செல்விக்குச் சந்தோஷம் வந்தாலும் கத்தல்தான், கோபம் வந்தாலும் கத்தல்தான். இது எந்த வகைக் கத்தல் என்று சரியாகப் பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் பூவரசந்தாங்கல் ஊரிலேயே இரண்டு பேர். ஒருத்தர் அவள் புருஷன் ராமதாஸ், இன்னொன்று அவள் வீட்டு மாடு. செங்கம் சாலையில் ஆசிரமத்துப் பக்கம் இருக்கிற காபிக்கடைக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? அங்கே கண்ணை மூடி உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கண்ணைத் திறந்தார்கள்.

"அடியே கவி! இது நம்ம ஏரிடீ!"

கல்லாவில் பில் போட்டுக்கொண்டிருந்த கவிநிலா ஓடிவந்தாள். "அம்மா, மெதுவா பேசும்மா. இது இன்னா நம்ம ஊரு டீக்கடையா?"

"நீ மொதல்ல இங்க பாரு. மெதுவா அப்பால பேசிக்கலாம்."

தமிழ்செல்வி அன்றைக்குத் திருவண்ணாமலைக்கு வந்தது ஏரியைத் தேடி இல்லை. கிணற்று மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு வந்தாள். "மோட்டாரு நல்லாத்தான் கீதும்மா, உங்க கெணத்துலதான் தண்ணி இல்ல" என்று கடைக்காரர் சிரிக்காமல் சொல்லிவிட்டார். அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான், மோட்டார் மேல் பழி விழாதா என்ற நப்பாசையில் வந்திருந்தாள். வீட்டுக்குப் பின்னால் நவரை நெல் கதிர் தள்ளி நிற்கிறது. பால் பிடிக்கிற நேரம். இப்போது தண்ணீர் கிடைத்தால் நெல், கிடைக்காவிட்டால் பதர். பங்குனி வெயிலோ கருணை இல்லாமல் காய்கிறது. "விடிஞ்சா ஆளை வெச்சி அறுத்து மாட்டுக்குப் போட்டுடலாம், அதாவது மிஞ்சட்டும்" என்று ராமதாஸ் சொல்லிவிட்டார். பச்சைப் பயிரை அறுப்பதா! அந்தத் துக்கத்தை மகளிடம் சொல்லி அழலாம் என்றுதான் காபிக்கடைக்குள் வந்தாள். உயரமான கண்ணாடி டம்ளரில் நுரையும் காபியுமாக ஒன்றைக் கொண்டுவந்து மகள் வைத்தாள். நுரையை ஊதித் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது எதிர்ச் சுவரில் அது மாட்டியிருந்தது.

சுவர் அகலத்துக்கு ஒரு படம். நடுவில் மலை, அதைச் சுற்றிக் கைரேகை மாதிரி பழுப்புக் கோடுகள். வலது பக்கமாக மேலே போனால் ரயில் பாதை, கீழ்பென்னாத்தூர், அதைத் தாண்டி நீலநீலமாக ஏரிகள். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். தமிழ்செல்விக்கு எழுத்து எதற்கு? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கரைமேல் நடக்கிறவள். முறம் மாதிரி ஏரி, அதில் ஒரு மூலை மட்டும் கடித்த மாதிரி உள்ளே போயிருக்கும். அங்கே பாறை இருப்பதால் தண்ணீர் வளைந்துகொண்டது. படத்திலும் அதே முறம், அதே கடி.

கவிநிலா கிட்டே போய்ப் படித்தாள். ஊர்ப்பெயரை அந்தக் காலத்துத் துரை என்னவோ மாதிரி எழுதியிருந்தான், ஆனாலும் பூவரசந்தாங்கல்தான். கடை முதலாளி வந்து, "நூறு வருஷத்துக்கு முன்னாடி ஊர் ஊரா அளந்து அச்சடிச்ச படம்மா இது. நெட்டுல கெடச்சுது, அழகா இருக்குன்னு பெருசு பண்ணி மாட்டினேன்" என்றார்.

"அளந்து போட்டதா? சும்மா வரைஞ்சது இல்லையே?"

"சங்கிலி புடிச்சு அளந்ததும்மா."

தமிழ்செல்வி நாற்காலிமேல் ஏறாத குறைதான். கரை தடித்த கோடாக இருந்தது. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு நீலக் கோடு வெளியே வந்தது. "தோ, பெரிய மதகு." கொஞ்சம் தள்ளி இன்னொன்று. "தோ, சின்ன மதகு." விரல் நகர்ந்தது. மூன்றாவதாக ஒரு நீலக் கோடு, மெலிசாக, கரையை விட்டு இறங்கித் தெற்கே போனது. அதன் தலைமாட்டிலேயே ஒரு கோயில் குறி. "இது இன்னாடி?"

"இதுவும் மதகும்மா. வாய்க்கா போவுது பாரு."

"எங்க போவுது?"

கவிநிலா போனில் படம் பிடித்து, பெரிதாக்கி, ஊரில் இருக்கும் ரோட்டையும் வீட்டையும் மனசுக்குள் வைத்துப் பார்த்தாள். அவளுக்கும் குரல் ஏறிவிட்டது. "அம்மா! நம்ம கொல்லிக்குத்தாம்மா போவுது, நம்ம நெல்லுக்கு!"

அவ்வளவுதான். தாயும் மகளும் சேர்ந்து கத்தியதில் ஒரு வெள்ளைக்காரம்மா கைதட்டினாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது.

ஏரியில் பாதிக்குமேல் தண்ணீர் கிடக்கிறது. கார்த்திகை மழையில் நிரம்பியது. ஆனால் அதில் ஒரு சொட்டுக்கூட ராமதாஸ் நிலத்துக்கு வராது. பெரிய மதகு வாய்க்காலும் சின்ன மதகு வாய்க்காலும் அந்தக் கோடியில் ஓடுகின்றன, இந்தப் பக்கத்து மேட்டுக்கு ஏறாது. 'உன் நெலம் கெணத்துப் பாசனம்' என்று ஊர் சொல்லும். அதையே கேட்டுக் கேட்டு இவர்களும் நம்பிவிட்டார்கள். பஸ்ஸில் தமிழ்செல்வி பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னாள், முன் சீட்டுக்காரரிடம் சொன்னாள், டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரிடமும் மூன்றாவது மதகைப் பற்றிச் சொன்னாள். அவர், "ரொம்ப சந்தோஷம்மா, சில்லறையா குடு" என்றார்.

ராமதாஸுக்குச் சந்தோஷம் அத்தனை சீக்கிரம் வராது. கேழ்வரகுக் களியை உருட்டி, மல்லாட்டைத் துவையலில், அதுதான் வேர்க்கடலைத் துவையலில், தொட்டு விழுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"காபிக்கடைக்காரன் அழகுக்கு மாட்டி வெச்ச படத்தைப் பாத்துட்டு, நான் ஏரிக்கரையைத் தோண்டணும். அதானம்மே சொல்ற?"

"அளந்து போட்ட படங்க அது!"

"எங்க அப்பாரு இந்த மண்ணுலயே பொறந்து இந்த மண்ணுலயே போயிட்டாரு. அவருக்குத் தெரியாத மதகு, காபிக்கடையில தெரிஞ்சிடுச்சா?"

"உங்க அப்பாரு நூறு வருஷத்துக்கு முன்னாடி பொறந்தாரா? ஒரே ஒரு நாளு. நாளைக்கு அறுக்க வரவங்களை நிறுத்திப் போடுங்க. மதகு இல்லன்னா நானே அருவா எடுத்து அறுக்கறேன், போதுமா?"

கோபத்தில் அவள் சமையலறைச் சுவரில் சாய்ந்தாள். முதுகெல்லாம் உப்பு உதிர்ந்தது. அந்தச் சமையலறை ஒரு தீராத தலைவலி. வீடு கட்டியபோது பின்பக்கம் ஒரு பள்ளம் கிடந்தது. அதை மண் கொட்டி நிரவி, கூடத்திலிருந்து இரண்டு படி இறக்கி, அதன்மேல் சமையலறையைக் கட்டினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் தரை ஊறும், சுவர் உப்புப் பூக்கும். "பாவி முருகையன், சிமெண்ட்டுல மண்ணைக் கலந்து கட்டிட்டான்" என்று தமிழ்செல்வி கொத்தனாரைத் திட்டாத மழைக்காலம் கிடையாது. இப்போதும் பழக்கதோஷத்தில் ஒரு முறை திட்டிவிட்டு முதுகைத் தட்டிக்கொண்டாள். அதைப் பார்த்து ராமதாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே போனை எடுத்து அறுப்பு ஆட்களை நிறுத்தினார்.

காலையில் ஏரிக்கரையில் பாதி ஊர் நின்றது. பஸ்ஸில் சொன்ன சேதி அவளுக்கு முன்னாலேயே வந்து இறங்கியிருந்தது. பாசன சங்கத் தலைவர் சக்கரவர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரைமேல் நின்றார். ராமதாஸுக்குப் பங்காளி, மூத்தவர். அவருடைய மல்லாட்டைக் கொல்லி, தமிழ்செல்வி வீட்டுச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது.

"இன்னாம்மா, ஏரியை ஒடைக்கப் போறியாமே?"

"ஒடைக்கலீங்க மாமா, மூடிக் கெடக்கறதைத் தெறக்கப் போறோம்."

"இந்த ஏரிக்கு ரெண்டு மதகு. எனக்கு அம்பது வயசுக்கு மேல ஆவுது, ரெண்டுதான் பாத்திருக்கறேன். கரையில கடப்பாரை பட்டு எங்கியாவது கசிஞ்சுதுன்னா, ஊரு கதி இன்னா? பேஜாராப் பூடும்."

சொன்னதில் நியாயம் இருந்தது. கவிநிலா போனை நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஏரியை அடையாளம் கண்டதும் அவர் முகத்திலும் ஒரு குழந்தைக் களை வந்தது. "அட, நம்ம பாறை! பெரிய மதகு தோ கீது!" மூன்றாவது கோடு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"சரி. கரையைத் தொடக் கூடாது. வெளிப்பக்கம், கரைக்குக் கீழ, தரையில தோண்டுங்க. பொழுது சாயற வரைக்கும்தான். கெடச்சா ஊரு கூடிப் பேசி மொறை வெச்சி உங்களுக்கும் தண்ணி உண்டு. கெடைக்கலன்னா இந்தப் பேச்சை இதோட வுட்டுடணும்."

"வுட்டுடறோம் மாமா!" தமிழ்செல்வி இழுக்காமல் ஒப்புக்கொண்டாள்.

படத்தில் கோயிலை ஒட்டினாற்போல் மதகு. அதனால் கரையோரம் ரோட்டடியில் இருக்கும் பொன்னியம்மன் கோயிலிலிருந்து கணக்குப் போட்டார்கள். ராமதாஸ் மண்வெட்டி பிடித்தார். முருகையன் கடப்பாரையோடு வந்து சேர்ந்துகொண்டான். கொத்து வேலை இல்லாத நாளில் ஏரியில் மீன் பிடிக்கிறவன் அவன். தன்னைத் திட்டுகிறவள் வீட்டு வேலைக்கே கூப்பிடாமல் வந்தான்.

தோண்டினார்கள். களிமண் வந்தது. இன்னும் தோண்டினார்கள், ஒரு பாட்டில் வந்தது, ஒரு தேள் வந்தது, யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பு வந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் ஒவ்வொன்றுக்கும் கூச்சல் போட்டார்கள். வெயில் உச்சிக்கு ஏறியது. தமிழ்செல்வி மோரில் கரைத்த கூழும் பச்சை வெங்காயமும் கொண்டுவந்து ஊற்றினாள். குழியை அகலப்படுத்தினார்கள். அப்புறமும் களிமண்தான். கூட்டம் மெல்லக் கரைந்தது. "இந்தக் குழியில தென்னங்கன்னாவது வைம்மா" என்று ஒருத்தர் சொல்லிவிட்டுப் போனார்.

ராமதாஸ் மண்வெட்டியை ஊன்றி நின்றார். அவர் கண் வயல் பக்கம் போயிற்று. கதிர்களின் நுனி வெளிற ஆரம்பித்திருந்தது. "போதும்மே. அறுத்துடலாம்" என்றார்.

தமிழ்செல்வி முதல் முறையாக ஒன்றும் கத்தவில்லை. கோயிலுக்கு முன்னால் போய் நின்றாள். சாமிமேலேயே கோபம் வந்தது.

"ஏம்மா, ஆடிக்கு ஆடி உனக்குப் பொங்கல் வெக்கிறேன், தாய்வீட்டுச் சீருக்கு நாத்தாங்காலையெல்லாம் தாண்டி வெறுங்காலுல நடக்கறேன். மதகு ஓரமா குந்திக்கினு இருக்கறவளுக்கு, அது எங்கன்னு காட்ட..."

நின்றுவிட்டாள். வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

பூவரசந்தாங்கலில் ஒரு வழக்கம் உண்டு. ஆடித் திருவிழாவில் கரகம் கோயிலை விட்டுப் புறப்படுவதற்கு முன்னால், ஒரு தட்டில் மஞ்சளும் வளையலும் பூவும் வைத்து, கரையோரமாகவே வெகுதூரம் தள்ளி இருக்கும் ஒற்றைப் பனைமரத்தடிக்குக் கொண்டுபோவார்கள். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் தரை. அதுதான் அம்மனுக்குத் தாய்வீடு. சீரை வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தால்தான் கரகம் கிளம்பும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. சாமிக்கும் தாய்வீடு இருந்தால் நல்லதுதானே என்று பெண்களுக்கெல்லாம் அதில் ஒரு திருப்தி.

"சக்கரவர்த்தி மாமா!" அந்தக் கத்தலில் பனைமரத்துக் கிளி பறந்தது. "அம்மனுக்குத் தாய்வீடுன்னா இன்னாங்க?"

"இன்னா கேள்வி இது? பனைமரத்தாண்ட."

"அது அவ பொறந்த எடம்! அங்கதான் மொதல்ல இருந்திருக்கா! அப்பால இங்க வந்துட்டா! நாம சாமி நவந்தது தெரியாம சாமிகிட்டேர்ந்து அளந்துக்கினு கீறோம் மாமா!"

வருஷா வருஷம் அந்தச் சீர்த்தட்டைத் தலையில் சுமக்கும் உரிமை சக்கரவர்த்தி குடும்பத்துக்குத்தான். அவர் கோயிலைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், பனைமரத்தைப் பார்த்தார். "ரோடு போட்ட காலத்துலதான் கோயிலு கட்டினோம்னு எங்க அப்பா சொல்லுவாரு" என்றார் மெதுவாக. பிறகு தோள் துண்டை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். "எட்றா முருகையா அந்தக் கடப்பாரையை!"

சங்கத் தலைவரே கடப்பாரையோடு ஓடினால் ஊர் சும்மா இருக்குமா? போனவர்கள் எல்லாம் திரும்பினார்கள். பனைமரத்தடியில் சீர் வைக்கும் இடத்துக்குக் கற்பூரம் காட்டி, அதைத் தொடாமல் ஒதுங்கி, கரைக்குக் கீழே தோண்டினார்கள். சக்கரவர்த்தி குத்தினார், ராமதாஸ் அள்ளினார், பெண்கள் கூடையில் மண் மாற்றினார்கள். கவிநிலா போனைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கூடை தூக்கினாள்.

டணார் என்றது கடப்பாரை.

எல்லாரும் அப்படியே நின்றார்கள். சக்கரவர்த்தி இன்னொரு முறை, மெல்லக் குத்தினார். டணார். ராமதாஸ் குழிக்குள் குதித்து, நாய் மண் பறிப்பதுபோல இரண்டு கையாலும் பறித்தார். ஒரு பலகைக் கல். அதன் கீழே செதுக்கிய இரண்டு கல். நடுவில் சேறு அடைத்த ஒரு சதுர வாய்.

"மதகும்மே!" என்று ராமதாஸ் கத்தினார். அந்த மனுஷன் கத்தி ஊர் கேட்டது அன்றைக்குத்தான். தமிழ்செல்விக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அவர் மண் தலையைக் கட்டிக்கொண்டாள். ஊர் முன்னால் என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை.

சக்கரவர்த்திக்கு மட்டும் பொறுப்பு மறக்கவில்லை. "தெறந்தா மூடணும்டா. மூட வழி பாத்துக்கினு அப்பால தெற" என்றார். முருகையன் பனங்கட்டையைக் கூராகச் சீவி, வைக்கோல் பிரி சுற்றித் தயாராக வைத்தான். வெளிவாயில் அடைத்திருந்த சேற்றைக் கம்பியால் குத்தி எடுத்துவிட்டு, வேட்டியை அவிழ்த்துக் கரையில் வீசி, டவுசரோடு ஏரிக்குள் இறங்கினான்.

"எனக்குத் தெரியும் அண்ணி! மீன் புடிக்க சொல்ல இங்க ஒரு கல்லு காலுல இடிக்கும். கல்லுல ஓட்டை இருக்கும். அதை அடைச்சி வெச்சிருப்பாங்க!"

"தெரிஞ்சவன் நேத்தே சொல்றதுக்கு இன்னாடா?"

"யாரு கேட்டாங்க? உங்க வாயில என் சிமெண்ட்டுக்கே நேரம் சரியாப் போவுது!"

மூழ்கினான். எழுந்து மூச்சு வாங்கி, மறுபடி மூழ்கினான். இந்தப் பக்கம் எல்லாரும் கல் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் ஒரு நாற்றம் வந்தது. பிறகு கறுப்பாகச் சேறு, கட்டி கட்டியாக, வேண்டா வெறுப்பாக வந்தது. அப்புறம் ஒரு விக்கல். அதற்குப் பிறகு தண்ணீர்! கல் வாயை நிறைத்துக்கொண்டு, நுரைத்துக்கொண்டு வந்தது. பெண்கள் குலவை இட்டார்கள். சக்கரவர்த்தி அதில் கையை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வாய்க்கால் என்று ஒன்றும் இல்லை. ஆனால் தண்ணீருக்குப் பழைய வழி தெரிந்திருந்தது. புல்லுக்கடியில் இருந்த தாழ்வைப் பிடித்து, யாரும் வெட்டி விடாமலே தெற்கே வளைந்தது. தமிழ்செல்வி அதற்கு முன்னால் ஓடினாள். குறுக்கே கிடந்த முள்ளை இழுத்துப் போட்டாள். "வா வா வா" என்று கன்றுக்குட்டியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டே ஓடியவள் ஒரு சுவரில் முட்டி நின்றாள். அவள் வீட்டுச் சமையலறைச் சுவர்.

தண்ணீரும் வந்து முட்டி நின்றது. நின்று ஏறத் தொடங்கியது.

கவிநிலா மூச்சிரைக்க வந்து படத்தைப் பார்த்தாள். "அம்மா, வாய்க்கா இப்படியேதாம்மா போவுது. நேரா. நம்ம அடுப்படியிலதாம்மா பூந்து போவுது."

வலது பக்கம் பஞ்சாயத்து சிமெண்ட் ரோடு, ஆள் உயர மேடு. இடது பக்கம் சக்கரவர்த்தியின் மல்லாட்டைக் கொல்லி. செடி முற்றி, இந்த வாரம் பிடுங்க வேண்டியது. சக்கரவர்த்தி வந்து நிலவரத்தைப் பார்த்தார்.

"என் கொல்லியில வெட்டி வுடும்மா. போனாப் போவுது."

தமிழ்செல்வி அந்தக் கொல்லியைப் பார்த்தாள். முற்றின மல்லாட்டைக்கு இந்த நேரத்தில் ஈரம் பட்டால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். அவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

"உங்க மல்லாட்டை மொளைச்சி, என் நெல்லு வெளையணுமா? வேணாங்க மாமா."

அவள் சுவரைப் பார்த்தாள். உப்புப் பூத்த சுவர். ஒவ்வொரு மழைக்கும் ஊறிய தரை. வாய்க்காலாக இருந்த அந்தப் பள்ளத்தில் கூடை கூடையாக மண் கொட்டியது யார்? இவள்தான். கையில் காய்ப்பு வரும் வரைக்கும் கொட்டினாள். சட்டென்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. சொட்டச் சொட்ட வந்து நின்ற முருகையனைப் பார்த்ததும் இன்னும் ஜாஸ்தியானது.

"டேய் முருகையா, உன் சிமெண்ட்டுல ஒரு கொறையும் இல்லடா!"

"அதைத்தான் அண்ணி கட்டின நாள்லேர்ந்து சொல்றேன்!"

"ஏங்க, அடுப்பைத் தூக்குங்க. கவி, அரிசிப் பானையை எடு. மாமா, அந்தக் கடப்பாரையை இப்படிக் குடுங்க."

ராமதாஸ் அவளைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே ஓடினார். கேஸ் அடுப்பும் சிலிண்டரும் அரிசியும் மிளகாய்த்தூள் டப்பாக்களும் கூடத்துக்கு ஏறின. முதல் குத்தைத் தமிழ்செல்விதான் போட்டாள். காரை மட்டும் தெறித்தது. இரண்டாவது குத்துக்கும் சுவர் அசையவில்லை. மூன்றாவதுக்கும் இல்லை.

"பாத்தீங்களா!" முருகையன் ஊரைப் பார்த்து மார் தட்டினான். "எல்லாரும் பாத்துக்குங்க! நல்ல சிமெண்ட்டு!"

"நல்ல சிமெண்ட்டை அப்பால மெச்சிக்கலாம், வந்து ஒடைடா!"

ஆளுக்கொரு பக்கம் குத்தியதில் அடிச்சுவரில் ஒரு துளை விழுந்தது. பிறகு எதிர்ச்சுவரில் ஒன்று. நடுவில் தரையைப் பெயர்த்து மண்ணை அள்ளியபோது, அடியில் வண்டல் மணல் மினுக்கியது, வாய்க்கால் மணல். ஏரி உள்ளே வந்தது. அம்மி நனைய, மேடையின் கால் நனைய, வீட்டுக்காரர் மாதிரி நிதானமாகக் கடந்து, பின்சுவர் வழியாக வெளியே இறங்கிப் போனது.

தமிழ்செல்வி கூடத்துப் படியில் உட்கார்ந்து, சேற்றுக் காலை அதில் விட்டுக்கொண்டாள். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வயலிலிருந்து ராமதாஸின் குரல் வந்தது, அன்றைக்கு இரண்டாவது முறையாகக் கத்தல்.

"வந்துடுச்சும்மே! நெல்லுக்குத் தண்ணி வந்துடுச்சு!"

"எனக்கே சொல்றியா?" என்று இவளும் கத்தினாள். "என் அடுப்படியில பூந்துதானேய்யா வருது!"